மழை பெய்தால் மாறும் பாதை

பாலிடெக்னிக்குக்குப் போய்வந்த பஸ்ஸில் நாங்கள் மூன்று பேர் விண்வெளி விளையாட்டு ஆடினோம். மரக்காணத்தில் ஏறும் நான் ஆட்டத்தை நடத்துபவள். கூனிமேட்டில் ஏறுபவளும் கீழ்புத்துப்பட்டில் ஏறுபவளும் ஆளுக்கொரு கப்பலின் கேப்டன். டிபன் பாக்ஸ் மூடிதான் பலகை. பகடை லூடோ பெட்டியிலிருந்து வந்தது.

பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட்டில் விதிகள் பாதியில் நின்றுபோயிருந்தன. ஒளியைவிட வேகமாகப் போகும் கப்பல் எந்த வழியாகப் போகும் என்ற பகுதியே இல்லை. நாங்களே எழுதிக்கொண்டோம்.

ஒன்று, ஒரு நாளைக்கு ஒரு தாவல். இரண்டு, தாவலுக்கான பகடையைக் கேப்டன்தான் உருட்ட வேண்டும், வேறு யாரும் உருட்டக் கூடாது. மூன்றாவது விதி கூனிமேட்டுக்காரி சொன்னது.

"எப்பவும் ஒரே ரூட்னா இந்த பஸ் மாதிரி ஆயிடும்டி. உங்கப்பா உப்பளத்துல மழை பெஞ்சா வரப்பெல்லாம் கரைஞ்சு போவுதுல்ல? அப்ப ரூட்டும் மாறட்டும்."

அப்படியே வைத்தோம். மரக்காணத்தில் மழை பெய்தால், ஊருக்குத் திரும்ப எத்தனை தாவல் என்று நான் புதிதாகப் பகடை போட வேண்டும். பங்குனி, சித்திரையில் மழை ஏது என்ற தைரியம் எல்லோருக்கும் இருந்தது.

2006 சித்திரையில் வகுப்புகள் முடிய மூன்று நாள் இருந்தபோது கூனிமேட்டுக்காரியின் கப்பல் ஊரிலிருந்து இரண்டு தாவல் தூரத்தில் இருந்தது. பரீட்சை முடிந்ததும் அவளுக்கு நிக்காஹ், பிறகு மஸ்கட். அதற்குள் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறு எதையும் கேட்கவில்லை.

அன்று விடியற்காலை மழை கொட்டியது. வாரத் தயாராக இருந்த உப்பு பாத்தியிலேயே கரைந்துவிட்டது. அப்பா வரப்பில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

"இந்த மழைய விட்டுடலாம்டி," என்றேன்.

"ஏன், உங்கப்பாவுக்கு மட்டும் மழை, எனக்கு வெயிலா? போடு."

"எங்க ஊருக்கு இது நல்ல மழை. ஏர் ஓட்டிடுவாங்க," என்றாள் கீழ்புத்துப்பட்டுக்காரி.

"நீ வாய மூடுடி," என்றாள் கூனிமேட்டுக்காரி.

போட்டேன். நான்கு விழுந்தது. இருந்ததோ மூன்று நாள். அந்த மூன்று நாளும் அவள் சிரித்துப் பேசியபடியே பகடை உருட்டினாள். கடைசி நாள் மாலை கூனிமேட்டில் இறங்கும்போது, "ஒரு தாவல்தான பாக்கி. கப்பல பாத்துக்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐப்பசியில் உப்பளம் முழுவதும் தண்ணீர். வேலைக்கு மனுப் போட்டுவிட்டு நான் வீட்டில் இருந்தேன். ஒவ்வொரு மழைக்கும் பகடை போட்டேன். ஆறு, மூன்று, மறுபடி ஆறு. ஒரு மாலை மஸ்கட்டிலிருந்து போன் வந்தது.

"அங்க மழையா?"

"பெய்யுது."

"போட்டியா?"

"போட்டேன். ஒண்ணு விழுந்திருக்கு."

"ஒண்ணுதானா? நான் உருட்டணுமே. நாளைக்கு இங்க ஒரு பகடை வாங்கிட்டு..." அதோடு கார்டு தீர்ந்து லைன் அறுந்தது.

அவளைத் திரும்பக் கூப்பிட என்னிடம் நம்பர் இல்லை. அவள் சார்பில் நானே உருட்டி, கப்பல் வந்துவிட்டது என்று பிறகு சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மழையைக் கணக்கில் விட்டுவிடலாம் என்று நான் சலுகை கொடுத்தபோதே வேண்டாம் என்றவள் அவள். பகடையை மூடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

மறுநாள் போன் வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் ஜன்னலோரம் நின்றேன். பிறகு உட்கார்ந்து அந்த மழைக்கான பகடையைப் போட்டேன். ஐந்து.