தோல் உரிஞ்சு மேலே வந்த கயல்

டைப் அடிக்கிறவன் கதைக்குள்ள போகக் கூடாது, போனா வேலை கெட்டுச்சு. ஊரார் கையெழுத்தோட தினம் மல்லுக்கட்டுற என்னை மாதிரி பாவப்பட்டவங்களே, தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில டி.டி.பி. கடை வெச்சிருந்த என்னை நிலான்னு ஒரு பொண்ணு உள்ள இழுத்துப் போட்டதைக் கேளுங்க.

சோறு இறங்காத மதியம்

நிலா பக்கத்துப் பங்காருபேட்டையில ரூம் எடுத்துத் தங்கி, ரயில்ல பெங்களூருக்கு வேலைக்குப் போறவ. ஊரு அவளைப் பையன்னுதான் வளர்த்துச்சு. அவ தான் பொண்ணுன்னு சொன்னா, பொண்ணாவே வாழறா. பள்ளிக்கூடப் பசங்களுக்குன்னு ஒரு நாவல் எழுதிக் கொண்டாந்தா. உலகம் அழிஞ்சு போச்சு. மிச்ச ஜனம், தங்கம் எடுத்த கழிவு மண்ணு குவிஞ்ச நம்ம சயனைடு மேட்டுப் பக்கத்துல வேலி போட்டு வாழுது. அந்த மேட்டுத் தூசி பட்டவங்க உடம்பு மாறுது. ஒருத்தனுக்கு முட்டியில நகம் முளைக்குது, ஒருத்திக்கு முதுகெலும்பு தோலைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வருது. டிபன் பாக்ஸைத் திறந்தவன் அப்படியே மூடிட்டேன். "யம்மா, பசங்க படிக்கிறதுக்கு இவ்ளோ பயங்கரம் இன்னாத்துக்கு?"ன்னு கேட்டேன்.

அவ சாதாரணமாச் சொன்னா: "எனக்கு மீசை முளைச்சப்போ இதவிட பயந்தேண்ணா. அத யாரும் பயங்கரம்னு சொல்லல. பெரிய பையனாயிட்டேன்னு லட்டு குடுத்தாங்க."

சரோஜாக்காவோட கோபம்

பக்கத்துத் தையல்கடை சரோஜாக்கா ஜெராக்ஸ் எடுக்க வந்தவங்க, ஸ்கிரீனைப் பார்த்து நின்னுட்டாங்க. கதையில கயல்னு ஒரு பிள்ளை. எல்லாரும் பையன்னு நினைச்ச அந்தப் பிள்ளை, தூசியைத் தேடித் தானே பழைய சுரங்கக் குழி ஷாஃப்டுக்குள்ள இறங்குது. தோல் உரியுது, எலும்பு இடம் மாறுது, பொண்ணு உடம்பா ஆகுது. வலியில கத்துது, கத்திக்கிட்டே சிரிக்குது. மத்தவங்களுக்குச் சாபமா வந்தது அதுக்கு மட்டும் வரமா வருது. என் விரல் கீபோர்டுலயே நின்னு போச்சு. அம்மாடி, இப்படி ஒரு சந்தோஷத்தை நான் அடிச்சதே இல்லை.

சரோஜாக்கா மூக்கை உறிஞ்சிக்கிட்டு என்னை அதட்டுனாங்க: "தோலு உரிஞ்ச பொண்ணுக்கு ஒரு சொட்டு தேங்கா எண்ணெ தடவ ஆளில்லயா? இன்னா மனுசன்யா நீ, சும்மா அடிச்சிக்கினே போற!"

அப்பா படிச்ச பக்கம்

கடைசி அத்தியாயம் முடியாமலே கிடந்துச்சு. கயல் மேல வருது. "கீழ போனது எங்க பையன், நீ யாரு?"ன்னு வேலிக்காரங்க கேட்டைத் திறக்க மாட்டேங்கிறாங்க. திறக்கிற மாதிரி எழுத நிலாவுக்குக் கை வரல. ஏன்னு எனக்குத் தெரியும். இதே ஊர்ல மைசூர் மைன்ஸ் பக்கம் இருக்கிற அவங்கப்பா, அவ சேலை கட்டின நாள்லருந்து பேச்சை நிறுத்திட்டாரு. சுரங்கம் ஓடின காலத்துல ஷாஃப்ட் வாசல்ல நின்னு, கேஜுங்கிற இரும்புக் கூண்டுல ஆளுங்களை இறக்கி ஏத்தினவர் அவரு.

ஒரு ஞாயித்துக்கிழமை நிலா கடையில இருக்கிறப்போ அவரே வந்து நின்னாரு. "சொரங்கத்தப் பத்தி எதோ அடிக்கிறீங்களாமே"ன்னு என்கிட்டதான் கேட்டாரு, அவ பக்கம் திரும்பல. கடைசிப் பக்கத்தைக் குடுத்தேன். கண்ணாடி மாட்டி மெதுவாப் படிச்சிட்டு, "இது தப்பு"ன்னாரு. நிலாவுக்கு முகமே செத்துப் போச்சு.

அப்புறம்தான் மனுசன் அவளை நேராப் பார்த்தாரு: "கீழ போறப்போ ஆளுக்கு ஒரு பித்தள டோக்கன் குடுப்போம். மேல வர்றப்போ மூஞ்செல்லாம் சேறு, யாரு இன்னான்னே தெரியாது. நான் மூஞ்சப் பார்த்தா உட்டேன்? டோக்கன் இருந்தா நம்ம ஆளு. ஒரு ஆளு வரலன்னாலும் வூட்டுக்குப் போவாம நின்னவன் நானு. அந்தப் பொண்ணு கையில ஒரு டோக்கனக் குடுத்து, கேட்டத் தொறந்து வுடும்மா."

அந்தப் புத்தகத்துல கடைசி அத்தியாயத்துல மட்டும் பிழை ஜாஸ்தியா இருந்தா, அடிச்சவனுக்கு அன்னைக்கு ஸ்கிரீன் சரியாத் தெரியலைன்னு மன்னிச்சுக்குங்க.