மருமகளுக்காக விசாரிக்க வந்தவர்கள்

“அங்க படிக்க வாறாங்களா, அழ வாறாங்களா?”

கொழும்பு தலைமை அலுவலக மேனேஜர் தொலைபேசியில் சுல்பிகாவிடம் இப்படிக் கேட்டார். கல்முனையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இயங்கும் தனியார் உளவியல் பல்கலைக்கழகக் கிளையில், வரவேற்பு மேசை அவருடையது. அங்கேயே டிப்ளோமா முடித்தவர். காலையில் படியேறி வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலை மேசைக்கடியில் நீட்டிக்கொள்வார்.

மனசு சரியில்லை என்று இந்த ஊரில் யாரும் அந்தப் படியில் ஏற மாட்டார்கள். கீழே நிற்பவர்கள் பார்த்தால், ‘பைத்தியத்துக்கு மருந்தெடுக்கான்’ என்ற கதை ஆளுக்கு முன்னே வீடு போய்ச் சேர்ந்துவிடும். அதனால், “மருமகளுக்கு ஒரு கோர்ஸ் விசாரிக்க வந்த” என்பார்கள். சுல்பிகாவும் நம்பியதுபோலத் தலையாட்டி, அவசரமில்லாமல் தொடங்குவார்.

“சுனாமிக்குப் பொறகு ரெண்டு மேடமார் கொழும்புல ஒரு கராஜிலதான் தொடங்கின. முதல்ல கவுன்சலிங் செர்டிபிகேட் மட்டும். பொறகு டிப்ளோமா, டிகிரி. இப்ப சின்னப் புள்ளைகள்ற உளவியலுக்கு மாஸ்டர்ஸும் இரிக்கி...”

மாஸ்டர்ஸ் வரை அநேகமாகப் போக வேண்டியிருக்காது. டிப்ளோமாவிலேயே வந்தவரின் கண் கலங்கி, சொந்தக் கதை வெளியே வந்துவிடும். பின்னேரமானால் சுல்பிகாவுக்குத் தொண்டை கட்டிவிடும். “கோர்ஸ் பேரெல்லாம் என்ட வாயில தஸ்பீஹ் மணி உருட்டுற மாதிரிப் போகுது” என்று சலித்துக்கொள்வார்.

இந்த முறை டிப்ளோமா வகுப்புக்கு ஓர் ஆள் குறைவு. ஆள் சேராவிட்டால் கிளையை மூடுவதாகச் சொல்லிவிட்டார்கள். மூடினால் சுல்பிகாவுக்கும் வேலை இல்லை. சேர்க்கையின் கடைசி நாள் பின்னேரம், நிந்தவூர் வயல்காரர் ஜெமீல் படியேறி வந்தார்.

“மருமகளுக்கில்ல தங்கச்சி, எனக்குத்தான். பேரை எழுதுங்க. இங்க சேர்ந்தா கதைக்க உடுவாங்களாமே?”

“என்னத்தைக் கதைக்க, காக்கா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் சுல்பிகா.

“மகன் மோட்டார்சைக்கிள்ல போய் அடிபட்டு மௌத்தாகிட்டான். ஊட்டுல அவன்ட பேரை எடுத்தா மனிசி மயங்கி உழுறா. நான் ஆருக்கிட்டச் செல்ற?”

கட்டணத்தை எடுத்து மேசையில் வைத்தார். சுல்பிகா பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார்.

“கதைக்கிறதுக்குச் சேரத் தேவல்ல காக்கா. காசை உள்ளுக்கு வைங்க.”

தொலைபேசி அடித்தது. கொழும்பு. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் கதிரையை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு அவர் அருகே உட்கார்ந்தார்.

“மகன்ட பேரென்ன?”

கிளை மாத முடிவில் மூடப்படுகிறது. அதுவரை சுல்பிகா அங்கே இருப்பார். கதைக்க ஆளில்லாத யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், தயவுசெய்து இதை அவர்களிடம் சொல்லுங்கள்.