அந்தோனியாரின் பெட்டிக்குள் போட்ட துண்டு

இதை எழுதாமலே விட்டிருப்பேன். வாயைத் திறந்தால் பகிடி என்று ஒஸ்லோவில் நாங்கள் இருக்கும் குரோருட் முழுக்கப் பேர் எடுத்தவன் நான், யார் நம்பப் போகிறீர்கள்? ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன். பேய், புனிதர்கள் செய்யும் புதுமை எதையும் நான் நம்பியதில்லை. நான் பூசைக்குப் போவதே பிறகு கிடைக்கும் சூடான மீன் றோல்ஸுக்காக.

போன மாதம் நானும் சிநேகிதன் யூட்டும் ஒஸ்லோவில் இருந்து பொஸ்டனுக்குச் சுற்றிப் பார்க்கப் போனோம். அங்கே பழைய இத்தாலியர் பகுதி ஒன்று இருக்கிறது. அந்தக் காலம் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் கோப்பிக் கடை நடத்துகிறார்கள், சந்துக்குச் சந்து புனிதர்களின் சுருவம், பெரிதும் சிறிதுமாகச் சிலைகள். வெளிக்கிடும்போதே அம்மா சொன்னார்: “அங்கை அந்தோனியார் இருக்கிறாராம். காணாமல் போனதைத் தேடித் தாறவர். மாமான்ரை பேரை எழுதிப் போடு. பகிடி விடாதை.”

மாமா அம்மாவின் தம்பி, ஊரில் நடந்த சண்டையின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். அம்மா இன்னும் செவ்வாய்தோறும் மெழுகுதிரி கொளுத்துகிறார்.

நான் என்ன செய்தேன்? கோப்பிக் கடை பில்லின் பின்பக்கத்தில், கப் வைத்த வட்டம் ஊறியிருந்த துண்டு அது, ‘யூட்டின் மூளையைக் காணவில்லை, கண்டால் குரோருட்டுக்கு அனுப்பவும்’ என்று நோர்வேஜிய மொழியில் எழுதி, அந்தோனியார் சுருவத்தடியில் பூட்டிக் கிடந்த வேண்டுதல் பெட்டிக்குள் என் கையாலேயே போட்டேன். யூட் விழுந்து விழுந்து சிரித்தான். மாமா ஞாபகத்துக்கே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார், “எழுதினனியோ?”

“ஓமம்மா.”

அடுத்த நாள் பட்டப்பகல். வேலைக்குப் போக ரீ-பான் ரயிலில் ஏறி இருந்து ஜக்கெற் பைக்குள் கை விட்டால் அந்தத் துண்டு. நம்பினால் நம்புங்கள், அதே கோப்பி வட்டம், அதே என் எழுத்து. அதை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, கீழே நீல மையில், தமிழில், மாமாவின் பேர். பக்கத்தில் ‘குட்டான்’. அம்மா அழும்போது மட்டும் சொல்லும் வீட்டுப் பேர்.

யூட் எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன், கேட்டிருப்பான். எப்படியோ பெட்டியைக் கிண்டியிருக்கிறான். போன் எடுத்துக் கத்தினேன், ரயிலே திரும்பிப் பார்த்தது. “நாயே, அம்மான்ரை கண்ணீரோடையோ சேட்டை? துண்டிலை மாமான்ரை பேரைத் தமிழிலை நீதான்ரா எழுதினனி!” அவன் போனை வைத்துவிட்டான். ஒரு கிழமை பேச்சில்லை.

துண்டை அம்மாவுக்குக் காட்டவில்லை. காட்டினால் தம்பி வருவான் என்று வாசலைப் பார்த்தபடியே இருந்துவிடுவார். அலுமாரியில் மாமா கடைசியாக எழுதிய கடிதம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

நேற்று யூட்டிடம் இருந்து ஒரு குரல் பதிவு வந்தது.

“மச்சான், எனக்குத் தமிழ் எழுதத் தெரியாதெண்டுதானே நீ ஒவ்வொரு நாளும் நக்கலடிக்கிறனி?”