அத்தா தைத்த நம்பர்

ஓடுவதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பது எனக்கு இருபத்தோரு வயதில்தான் தெரிந்தது. அதுவரை கால் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. ஊரில் கலவரம் நடந்து அடங்கியிருந்தது. உக்கடத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு, இரண்டு தெரு தள்ளி அத்தாவின் தையல் கடை; எங்கள் முஸ்லிம் வீடுகளில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். பகலெல்லாம் அங்கே உட்கார்ந்து சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பேன், விடியற்காலையில் ஓடுவேன். நகரத்தின் பெரிய மாரத்தானுக்கு சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மைதானத்தில் என்னைக் கவனித்து வந்த ஒரு மில்லின் கோச் என்னைக் கூப்பிட்டார்.

"முதல் பதினஞ்சுல வந்துரு கண்ணு. எங்க மில் டீம்ல எடுத்துக்கறேன். வேலை பெர்மனென்ட்டு."

எங்கள் தெருப் பையன்கள் வெளியே வேலை கேட்டுப் போனால், விலாசத்தைச் சொன்னதுமே "சொல்லி அனுப்பறமுங்க" என்று அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஊரில் கதவைச் சாத்தினாலும் மரியாதையாகத்தான் சாத்துவார்கள். அதனால் கோச் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். பதினைந்துக்குள் வர வேண்டும். அதைத் தவிர பந்தயம் வரை இருந்த மூன்று மாதத்தில் எனக்கு வேறு நினைப்பில்லை.

உக்கடத்தில் தொடங்கி, குளக்கரையைச் சுற்றி, போத்தனூர் தாண்டி செட்டிபாளையம் வரை போய்த் திரும்புவது என் கணக்கு. முதல் நாளே தெருமுனைச் செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். மணல் மூட்டைக்குப் பின்னால் வெளி ஜில்லாவிலிருந்து வந்த போலீஸ்காரர்கள் இருந்தார்கள்.

"எதுக்குடா ஓடறே?"

"பிராக்டிஸுங்க சார்."

"இந்த இருட்டுல என்ன பிராக்டிஸ்? யார் துரத்தறா உன்னை?"

நன்றாக விடியும் வரை தரையில் உட்காரவைத்தார்கள். அடிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பால்காரர்கள் போனார்கள், பேப்பர் போடுகிறவர்கள் போனார்கள், எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாளிலிருந்து செக்போஸ்ட் வரை கையை வீசாமல் நடந்து போனேன், அதைத் தாண்டி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் ஓட ஆரம்பித்தேன். திரும்பும்போதும் அப்படியே. சொந்தத் தெருவில் திருடனைப் போல நடக்கப் பழகிக்கொண்டேன். அவமானமாக இருந்தது. இன்று எழுதும்போதும் அவமானமாகத்தான் இருக்கிறது.

பந்தயத்துக்குப் பத்து நாள் முன்பு நம்பர் கொடுத்தார்கள். இரண்டு வெள்ளைத் துணித்துண்டு, அவற்றில் கறுப்பு மையில் நானூற்றுப் பதினேழு. முன்னால் ஒன்று, முதுகில் ஒன்று ஊக்கு வைத்துக் குத்திக்கொள்ளச் சொன்னார்கள். தையல்காரர் வீட்டில் ஊக்கா? அத்தா அதைக் கேட்டுச் சிரித்தார். என் பனியனை வாங்கி, நான்கு ஓரத்தையும் மடித்து, மிஷினில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார்.

"இதப் போட்டுட்டே பிராக்டிஸுக்குப் போ கண்ணு. நம்பர் இருந்தா ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான்."

அத்தா சொன்னது பலித்தது. மறுநாள் செக்போஸ்ட்டில் டார்ச் வெளிச்சம் என் நெஞ்சில் விழுந்தது. "அட, மாரத்தானா? ஓடு, ஓடு!" என்றார் ஒருவர். இன்னொருவர் விசில்கூட அடித்தார். எங்கள் வீட்டு வாசலிலிருந்தே ஓடினேன். என் வாழ்க்கையில் அந்த ஒரு வாரம்தான் இந்த ஊர்த் தெருக்களில் பயமில்லாமல் ஓடியிருக்கிறேன். நேரமும் குறைந்துகொண்டே வந்தது. பதினைந்துக்குள் என்ன, பத்துக்குள்ளேயே வருவாய் என்றார் கோச்.

ஆனால் தினமும் போட்டால் தினமும் துவைக்கத்தானே வேண்டும். ஐந்தாவது துவையலிலேயே மை கரைய ஆரம்பித்தது. பந்தயத்துக்கு முந்தின நாள் மத்தியானம் பார்த்தால் நான்கு மட்டும் ஒரு மாதிரி தெரிந்தது, ஒன்றும் ஏழும் வெறும் சாம்பல் கறை. பனியனைத் தூக்கிக்கொண்டு அத்தாவிடம் ஓடினேன். அத்தா பதறவே இல்லை. கடையில் கிடந்த கறுப்பு லைனிங் துணியை எடுத்தார். எண்களை அளந்து வெட்டினார், அந்தக் கறையின் மேலேயே வைத்து ஓரம் பிசிறாமல் தைத்தார். மூன்று சட்டை வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு அன்றைய பொழுதை அதற்கே கொடுத்தார். கொடுத்த நம்பரைவிட அது எத்தனையோ அழகாக இருந்தது. நாங்கள் எல்லோரும் அதைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

மறுநாள் காலை மைதானத்தில் வரிசையில் நின்றேன். பந்தயக் கமிட்டியின் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் நம்பர்களைச் சரிபார்த்துக்கொண்டே வந்தார்.

"தம்பி, இது நாங்க குடுத்த நம்பர் இல்லீங்களே?"

"நீங்க குடுத்ததுதானுங்க. மை அழிஞ்சுபோச்சு. எங்க அத்தா டெய்லருங்க, அதுமேலயே தெச்சுப்போட்டாரு."

அத்தா என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததுமே அவர் முகம் மாறியது. மாறவில்லை, எனக்குத்தான் அப்படித் தோன்றியது என்று பிற்பாடு பல பேர் எனக்குப் புத்தி சொன்னார்கள். அவர் எதிரே நின்றவன் நான்.

"ஊடு எங்கீங்க?"

சொன்னேன்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. இன்னைக்குப் பெரிய ஆளுக எல்லாம் வாராங்க. கொஞ்சம் ஓரமா நில்லுங்க, பாத்துச் சொல்றமுங்க."

ஒரு போலீஸ்காரர் வந்தார். அத்தா தைத்த எண்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தார். நான்கு, ஒன்று, ஏழு. துணிக்கு நடுவில் ஏதாவது வைத்துத் தைத்திருக்கிறோமா என்று பார்க்கிறார் என எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "பொறுமையாப் பாருங்க சார்" என்றுகூடச் சொன்னேன். கோச் கயிற்றுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். என்னைப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பந்தயத்தைத் தொடங்கும் வெடிச் சத்தம் கேட்டது. எல்லோரும் ஓடிப்போனார்கள்.

கால் மணி நேரம் கழித்துத் தொப்பிக்காரர் பதிவேட்டோடு வந்தார். "எல்லாம் செரியாத்தானுங்க இருக்குது. இப்ப நீங்க ஓடலாமுங்க தம்பி."

கால் மணி நேரம் முந்திப்போனவர்களைப் பிடித்துப் பதினைந்துக்குள் வர நான் குதிரையா? வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் அத்தா இல்லை. பந்தயம் போகிற வழியில், உக்கடத்து ரோட்டோரம் கடைசி ஆள் போகிறவரைக்கும் நின்றிருக்கிறார். வெயிலேறித்தான் வந்தார். என்னைக் கண்டதும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஒவ்வொரு நம்பராப் பாத்துட்டே நின்னேன் கண்ணு. உன்னையக் காணலியே. நாந்தான் கவனிக்காம உட்டுப்போட்டனா?"

நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, மைதானத்தில் வாயே திறக்காத கோபமெல்லாம் மேலே வந்தது. "உங்கள யாரு தெய்க்கச் சொன்னா? ஊக்குக் குத்திக் குடுத்திருந்தா என்ன கொறஞ்சிருக்கும்? உங்க தையல்தான் எம் பொழப்பக் கெடுத்துது!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். கத்த எனக்கு அந்த ஊரில் கிடைத்த ஒரே ஆள் அவர்.

அத்தா என் பனியனைக் கழற்றித் தரச் சொல்லி வாங்கினார். உள்புறம் வெளியே வரத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, தையல் எங்கே தப்பியிருக்கிறது என்று ஒவ்வொரு எண்ணாகத் தேட ஆரம்பித்தார். அதில் ஒரு தப்பும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் மவுத்தாகி அடக்கம் ஆகும் வரை அதை நான் அவரிடம் சொல்லவில்லை.