கிணற்றடித் தகட்டில் மூன்று குறி

எங்கள் தோட்டக் கிணறு வீட்டிலிருந்து தள்ளி, வெங்காயக் காணிக்குள் இருக்கிறது. அங்கே கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் மிசினால்தான் இறைப்பு. அந்தக் கிணற்றடித் தூணில் என் மகள் உள்ளங்கையளவு கணினி ஒன்றை, மழை புகாத பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். அதிலிருந்து ஒரு வயர் கிணற்றுக்குள் இறங்கியது. தண்ணீர் எவ்வளவு, உவர் எவ்வளவு என்று அது மணிக்கொரு தடவை குறித்து, கம்பஸில் தங்கிப் படிக்கும் அவளுடைய போனுக்கு அனுப்பும். தூணின் மேலே சோலார் தகடு, கீழே பற்றறி. பகல் வெயிலில் பற்றறி நிரம்பும்; அதைக் கொண்டு கணினி இரவைக் கடக்கும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவள் விளங்கப்படுத்தியதில் எனக்குப் பிடிபட்டது, அது நிற்கக் கூடாது என்பது மட்டுந்தான். முதல் மழையோடு கிணற்று உவர் எப்படி இறங்குகிறது என்பதே அவளுடைய கடைசி வருட ஆய்வு. மழை விழும் நேரத்தில் அது நின்றுபோனால், இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள்களெல்லாம் ஒரே மப்பு, வெயிலே இல்லை. பற்றறி மெலிந்துவிட்டது என்று மகள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். பூசையன்று அம்பாள் கண் திறந்ததுபோல் வெயில் எறித்தது. நான் கும்பிட்டுக்கொண்டேன். இனிப் பயமில்லை என்று நினைத்தேன்.

மத்தியானம் மகள் போன் எடுத்தாள். பற்றறி ஏறவில்லை, இறங்கிக்கொண்டே போகிறது என்றாள். தகட்டில் காகம் எச்சம் போட்டிருக்கிறதா என்று போய்ப் பார்க்கச் சொன்னாள். மனைவியும் நானும் கிணற்றடிக்கு ஓடினோம். நான் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன்.

“ஒண்டும் இல்லைப் பிள்ளை. சுத்தமா இருக்கு. கொம்மா விடியவே பூசையும் செய்து வைச்சிருக்கிறா.”

மகள் மெதுவாகக் கேட்டாள். “விபூதி பூசினவவோ?”

“ஓம். மூண்டு குறி. நடுவிலை சந்தனப் பொட்டு.”

மண்வெட்டி, சைக்கிள், இறைப்பு மிசின் எல்லாவற்றுக்கும் பூசியதுபோல், தகட்டுக்கும் மனைவி குழைத்துத் தடிப்பாகப் பூசியிருந்தாள். காகத்தின் எச்சத்தைத் தேடிய என் கண்ணுக்கு அது அழுக்காகப் படவேயில்லை.

தகட்டில் ஒரு துண்டு மறைந்தாலும் முழுத் தகடும் சோர்ந்துவிடுமாம். “உடனை துடையுங்கோ அப்பா. இண்டையான் வெயிலை விட்டால் இரவு தாங்காது.”

நான் சால்வையை எடுத்தேன். மனைவி ஏணியைப் பிடித்தபடி மறித்தாள். பூசையில் இருப்பதை விசயதசமி விடியும்வரை தொடுவதில்லை. என் தகப்பன் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் அப்படித்தான்.

“நாங்கள் ஒன்பது நாள் விரதம் கிடக்கிறம். உது ஒரு இரவு பட்டினி கிடக்காதோ?”

“கிடந்தால் நிண்டுபோமாம்.”

“அம்பாளின்ரை குறியை அழிச்சுப்போட்டுப் பிள்ளை பாஸ் பண்ணுவாளோ?”

எனக்கும் அந்தப் பயந்தான். சால்வையோடு ஏணியிலேயே நின்றேன். கீரிமலைப் பக்கம் முகில் கறுத்துக்கொண்டு வந்தது. போனில் மகள் அழுவது கேட்டது.

அந்த அழுகை மனைவிக்கும் கேட்டிருக்க வேண்டும். என்னை இறங்கச் சொன்னாள். கிணற்றில் ஒரு வாளி அள்ளிக்கொண்டு தானே ஏறினாள். தாயே என்று சொல்லித் தகட்டில் தண்ணீரை வார்த்தாள், கோயிலில் அபிசேகம் செய்வதுபோல. கரைந்து வழிந்த விபூதியை இரண்டு கையாலும் ஏந்தித் தன் நெற்றியில் பூசினாள். குனிந்து, மிச்சத்தை ஏணியடியில் நின்ற என் நெற்றியில் பூசினாள். பிறகுதான் சேலைத் தலைப்பால் தகட்டைத் துடைத்தாள்.

முகில் வந்து மூடும்வரை கொஞ்ச வெயில்தான் கிடைத்தது. ஏறுது, ஆனால் இரவுக்குக் காணுமோ தெரியாது என்றாள் மகள்.

அன்றிரவு மழை கொட்டியது. நாங்கள் இருவரும் படுத்திருந்தோமே தவிர, கண் மூடவில்லை. எனக்குத் தெரிந்த தேவாரமெல்லாம் சொன்னேன். விடிய மகளின் போன் வந்தது.

“நிண்டுட்டுதோ?” மனைவி என் முகத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

“இல்லையாம். உவர் இறங்கினதையும் குறிச்சிருக்காம்.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.