அத்தை தினமும் மாற்றிய தண்ணீர்

"ஊறப் போட்டாச்சு, வெயில்ல காய வச்சாச்சு. நார் மட்டும் ஏன்டி வரலை?" என்று கோதைநாயகி அத்தை என்னிடம் கேட்டாள். பிளஸ் டூ முடித்துவிட்டு அத்தை வீட்டில் சும்மா இருந்ததால், அவள் பட்ட பாடு முழுவதையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்தான்.

அத்தைக்குத் தென்னூரில் ஆபீஸ் வேலை, ஸ்ரீரங்கத்தில் வீடு. பங்குனி உத்திரத்தன்று வீட்டுப் பெருமாளுக்குத் தன் கையால் நூற்று நெய்த லினன் வஸ்திரம் சாத்த வேண்டும் என்று பிடிவாதம். லினன் ஆளிச் செடியின் நாரில் செய்வது. லால்குடியில் தெரிந்த விவசாயி பெரியண்ணனின் வயலோரத்தில், பனிக்காலத்தில் ஆளிவிதை தூவினாள். செடியை வேரோடு பிடுங்கிக் காய வைத்து, விதையை உதிர்த்து, தண்டுகளைத் தண்ணீரில் போட வேண்டும். ஊறினால் நார் பிரியும்.

பெருமாள் காரியம் அல்லவா? தினமும் குளித்துவிட்டு வந்து, தண்டுகளைப் போட்டிருந்த ட்ரம்மின் தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீர் நிரப்பினாள். தண்டுகள் பளிச்சென்று இருந்தன. காய வைத்துக் கட்டையால் அடித்தாள். நார் பிரியவே இல்லை. முழுவதும் தண்டோடு சேர்ந்து நொறுங்கியது. விதைக்கடைக்காரரைத் திட்டினாள்.

ட்ரம்மில் இடமில்லாமல் ஒரு கட்டுத் தண்டை மட்டும் கொல்லைப்புற வாளியில் தண்ணீரில் போட்டு, அப்படியே மறந்திருந்தாள். ஒரு நாள் அவள் கணவர் பராசரன் அத்திம்பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"கோதை, அந்த வாளியைக் குப்பை வண்டியில கொட்டிட்டேன். தெருவே நாறித்து!"

வாளியில் ஒரே ஒரு தண்டு ஒட்டியிருந்தது. அத்தை அதை ஒடித்து இழுத்தாள். தலைமுடி போல நீளமாக நார் உருவிக்கொண்டு வந்தது. அழுகினால்தான் நார் விடும். தண்ணீரை மாற்றி மாற்றி அழுக விடாமல் செய்தது அவளேதான்.

"ஏன்னா, என்னை ஒரு வார்த்தை கேக்கப்படாதா?"

"அழுகினதையா பெருமாளுக்குச் சாத்துவே?"

"பெருமாள் திருவாராதனத்துக்கு நீங்க கட்டிக்கற பட்டு எங்கேர்ந்து வந்ததாம்? புழு வாயிலேர்ந்துதானே!"

நான் தெருமுனை வரை ஓடினேன். வண்டி போய்விட்டது. வெயிலும் ஏறிவிட்டது; அடுத்த பனிக்காலம் வரை விதைக்க வழியில்லை.

உத்திரத்தன்று கடையில் வாங்கிய வஸ்திரத்தைத்தான் அத்திம்பேர் சாத்தினார். அத்தை சேவித்துவிட்டு, அவரிடம் பேசாமல் ஆபீஸுக்குக் கிளம்பினாள்.

ஆளிச் செடியை ஊற வைக்கும் எவரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர் வீட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.