இல்லாத ஆடு

போன மாதம் மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நகரத்துக்குள் காடு வளர்த்துக் காட்டிய முன்னோடி என்று பேசினார்கள். நான் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன். என்ன அடக்கம் பாருங்கள் என்று நினைத்திருப்பார்கள். அடக்கமாவது மண்ணாங்கட்டியாவது. நிமிர்ந்து பார்க்க எனக்கு முகம் இல்லை, அவ்வளவுதான்.

வன இலாகாவில் பெண்களை அதிகாரியாக எடுக்கத் தொடங்கிய புதிதில் சேர்ந்தவள் நான். மலைகளில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுச் சென்னைக்கு மாற்றலாகி வந்தேன். காக்கிப் பேண்ட் போட்டுக்கொண்டு தி. நகரில் பஸ் ஏறினால், டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டுக் கண்டக்டர் என்னையே பார்ப்பார். கிண்டியில் இருக்கிற மான்களைத் தவிர இந்த ஊரில் உனக்கு என்ன வேலை என்று என் மேலதிகாரி சிரித்தார். எனக்குச் சிரிப்பு என்றால் ஆகாது, அதுவும் என்னைப் பார்த்துச் சிரித்தால். அடையாற்றில் குப்பையும் கட்டிட இடிபாடும் கொட்டிக் கிடந்த ஒரு வளைவைத் தேடிப் பிடித்து, இங்கே கண்டல் காடு வளர்ப்பேன் என்று எழுதிக் கொடுத்தேன். உப்புத் தண்ணீரிலும் சேற்றிலும் நிற்கிற மரம் கண்டல்.

முதல் வருடம் மானம் போனது. மலையில் தேக்குக் கன்று வளர்த்த பழக்கத்தில், பாலித்தீன் பைகளில் செம்மண்ணும் எருவும் நிரப்பி, லாரியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். கன்றுகள் வரிசை வரிசையாக மஞ்சளித்துச் செத்தன. அந்தக் கரையிலேயே குடிசை போட்டிருந்த குடும்பங்களிலிருந்து சில பெண்களைத் தண்ணீர் ஊற்ற வைத்திருந்தேன். அவர்களில் ஒருத்தி பத்து நாள் பொறுத்துப் பார்த்தாள். பதினோராம் நாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னா மேடம் நீ, கருவாட்டுக் கொழம்புல சக்கரை போட்டுகினு கீறே? சேத்துல பொறந்த செடி இது. ஆத்துத் தண்ணி ஊத்து, பொழைக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. நான் படித்த படிப்பென்ன, இவள் என்ன சொல்வது என்று. ஆனால் அவள் சொன்னபடி செய்தேன். பிழைத்தது. அதற்குப் பிறகு அந்த நாற்றங்கால் அவளுடையதுதான். எந்தச் சேற்றில் எந்த விதையை ஊன்றுவது, எப்போது தண்ணீர் ஏறும், எப்போது இறங்கும், எல்லாம் அவள் கணக்கு. நான் தொப்பி போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

அவளிடம் ஒரு வெள்ளாடு இருந்தது. மகளுக்குக் காது குத்தும்போது சொந்தக்காரர்களுக்குச் சோறு போட வளர்த்தாள். ஒரு நாள் அது கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து ஒரு வரிசைக் கன்றுகளைத் தின்றுவிட்டது. நான் கத்திய கத்தலில் பாலத்தின் மேல் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஆடு வேண்டுமா, வேலை வேண்டுமா என்று கேட்டேன். அந்த வாரமே விற்றுவிட்டாள். மற்ற வீடுகளிலும் ஏறி இறங்கி, இருந்த இரண்டு மூன்று ஆடுகளையும் அவளே விற்கச் செய்தாள். காதுகுத்து நடந்தது. எனக்கும் சாப்பாடு போட்டாள். சாம்பார் சாதம்.

கன்றுகள் ஆளுயரம் வந்ததும், அந்த இடத்துக்கு ஒரு திட்டப் புத்தகம் எழுதச் சொன்னார்கள். எந்தக் காடானாலும் எங்கள் இலாகாவில் இப்படி ஒன்று எழுதுவோம். மண் எப்படி, மழை எப்படி, என்ன மரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம். அதில் ஒன்று, மரங்களுக்கு ஊறு செய்பவை. தீ, புயல், பூச்சி, ஆடு மாடு, மனிதர் என்று அது வரிசையாகப் போகும். பயிற்சியில் மனப்பாடம் செய்த வரிசை. இந்த அத்தியாயத்தை யாரும் புதிதாக எழுதுவதில்லை. பழைய புத்தகம் ஒன்றை எடுத்துவைத்து, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி எழுதுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். மலைக்காட்டுக்கு யாரோ எப்போதோ எழுதியது: 'எல்லையோரம் குடியிருப்போராலும் அவர்களுடைய ஆடுகளாலும் இளங்கன்றுகளுக்குத் தொடர்ந்து சேதம். குடியிருப்புகளை அகற்றுவது விரும்பத்தக்கது.' அதன் கீழே குடிசைகளின் எண்ணிக்கையை மட்டும் நானாகச் சேர்த்தேன். அன்று மத்தியானம் அவள் வறுத்துக் கொடுத்த மீனைத் தின்ற கையால் எழுதினேன்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. கரையைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். பெண்கள் எல்லோரும் என் அலுவலகத்துக்கு ஓடி வந்தார்கள். நான் பேசிப் பார்க்கிறேன் என்று வீராப்பாகக் கிளம்பினேன். நோட்டீஸ் அனுப்பிய அலுவலகத்தில் இருந்த அதிகாரி மரியாதையாக நாற்காலி போட்டார். நான் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து என் புத்தகத்தை எடுத்து, பென்சிலால் கோடு போட்ட பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

"இது நீங்க எழுதினதுதானே மேடம்?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்த பெண்களிடம், எவ்வளவோ போராடினேன், முடியவில்லை என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உட்டுத் தள்ளு மேடம், உன்னால ஆனத நீ பண்ட்ட" என்றாள். அடுத்த வாரம் லாரிகள் வந்தன. ஊருக்கு வெளியே எட்டு மாடிக் கட்டிடங்களில் அவர்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள்.

அன்று அந்த மரத்தடியில் சொன்ன பொய்யோடுதான் இத்தனை வருடம் குப்பை கொட்டினேன். பதவி உயர்வு வாங்கினேன். ஓய்வு பெற்றேன். கண்டல் வளர்ந்து காடானது, வேலி போட்டுப் பூங்காவாக்கினார்கள், அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர்கள் காலையில் நடக்கிறார்கள். நானும் நடக்கிறேன்.

பொன்னாடை போர்த்திய மறு வாரம் வாசல் மணி அடித்தது. நரைத்த தலையோடு அவள் நின்றாள்.

"அடையாளம் தெர்லயா மேடம்? பூங்கா வாட்ச்மேனாண்ட கேட்டுகினு வந்தேன்."

உட்கார வைத்தேன். காபி போட்டுக் கொடுத்தேன். திருவான்மியூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் படிக்கட்டு கழுவுகிறாளாம். முட்டி வலி, மாடி ஏற முடியவில்லை. இப்போது அந்தப் பூங்காவில் செடி பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்கள். முன்பு வேலை செய்ததற்கு யாராவது எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"உன்ன உட்டா எனக்கு யாரு கீறாங்க? அன்னிக்கு எங்களுக்கோசரம் சண்ட போட்டவ நீதானே."

அந்த வார்த்தை என்னைக் கொன்றுவிட்டது. கடிதத்தை மளமளவென்று எழுதினேன். இந்தக் காட்டின் முதல் கன்றுகளை வளர்த்தவர் இவர், செம்மண்ணில் நான் சாகடித்ததைச் சேற்றில் பிழைக்க வைத்தவர் இவர் என்று. கையெழுத்துப் போட்டுப் படித்துக் காட்டினேன். அவளுக்கு முகமெல்லாம் சந்தோஷம். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. நான் சண்டை எதுவும் போடவில்லை என்றேன். புத்தகத்தைப் பற்றியும், அந்த அத்தியாயத்தைப் பற்றியும், பென்சில் கோட்டைப் பற்றியும் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். அழ எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை.

அவள் அழவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்னான்னு எழுதின? அப்டியே சொல்லு."

சொன்னேன். குடியிருப்போராலும் அவர்களுடைய ஆடுகளாலும்.

"ஆடா?" என்றாள். "ஆட்டத்தான் நீ சொன்னேன்னு வித்துட்டேனே மேடம். எம்பொண்ணு காதுகுத்துக்கு வளத்த ஆடு. அந்தக் கரையிலே ஏது ஆடு?"

பழைய புத்தகத்தில் இருந்தது, அப்படியே எழுதிவிட்டேன் என்றேன். எழுதிய கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

"அந்த புக்குல இப்ப மாத்த முடியுமா?"

"முடியாது."

"அப்ப இதுல எழுது. ஆடு இல்லன்னு எழுது."

கடிதத்தை வாங்கிக் கையெழுத்துக்கு மேலே இருந்த இடத்தில் எழுதினேன். 'தன் மகளின் காதுகுத்துக்கு வளர்த்த ஆட்டை, என் பேச்சைக் கேட்டு, கன்றுகளுக்காக இவர் விற்றுவிட்டார். அந்தக் கரையில் வேறு ஆடும் இல்லை. அங்கே குடியிருந்தவர்களால் மரங்களுக்குச் சேதம் என்று நான் எழுதியது பொய்.' படித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். காபி ஆடை கட்டிக் கிடந்தது.

நான்கு நாள் கழித்துப் பூங்கா அதிகாரி போன் செய்தார். "மேடம், அந்த அம்மாவ எடுத்துக்கலாம். லெட்டர்ல அந்த ஆட்டு சமாச்சாரம் மட்டும் எதுக்கு? ஃபைலுக்கு நல்லா இல்ல. வேற ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்களேன்."

மாட்டேன் என்றேன்.

"அந்த அம்மாவும் அதையேதான் சொன்னாங்க. அது இல்லாம வேல வேணாம்னுட்டாங்க" என்று அலுத்துக்கொண்டு, அப்படியே ஃபைலில் போட்டுக்கொண்டார்.

இப்போது நான் நடக்கப் போகும்போது அவள் அங்கே இருக்கிறாள். பச்சைக் கோட்டுப் போட்டுக்கொண்டு சேற்றில் குனிந்து நிற்கிறாள். என்னைப் பார்த்தால் தலையசைப்பாள், பேசுவதில்லை. பேசும்படி நானும் கேட்கவில்லை. அவள் வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு சிமெண்ட் பெஞ்சு கிடக்கிறது. பூங்கா மூடுகிற மணி அடித்ததும் வாட்ச்மேன் எல்லோரையும் வெளியே அனுப்புகிறான். அவளும் வெளியே வந்து, வீட்டுக்குப் போக இரண்டு பஸ் மாறுகிறாள்.